டெபாசிட் இழந்தோர் வரலாறு

சென்னையினின்றும் அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதை தென்னகத்தின் மிகப் பழைய பாதையாகும். 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடத் தொடங்கிய வழி இதுவே. அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் ஆகியவற்றைக் கடந்து, திருநின்றவூருக்கு முன்னே நிற்பது நெமிலிச்சேரி. அந்நாளில் ஏரியும் வயலுமாய் இருந்த இப்பகுதி, பின்னர் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் நாள்தோறும் ஆட்களை அனுப்பும் புறநகராயிற்று. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் இவ்வூரைத் தொட்டே செல்கிறது. தொழிலாளர் மிகுந்த ஊர். ஆதலின் தொழிலாளர் பெயரால் வாக்குக் கேட்போரும் இங்கு வந்து போவது இயல்பே.

இன்று இவ்வூர் அடங்கிய திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதி, தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் இங்கு வெற்றி பெற்ற காங்கிரஸ் வேட்பாளர் சசிகாந்த் செந்தில், தமக்கு அடுத்து வந்தவரை 5 இலட்சத்து 72 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்றார். இத்தகைய வெள்ளத்தில் சில நூறு வாக்குகளைப் பெற்று ஒதுங்குவோரை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாட்டின் பல தொகுதிகளில் இயந்திரத்தின் கீழ் வரிசைகளில், நாம் அதிகம் கேள்விப்படாத பொதுவுடைமைக் கட்சிகளின் பெயர்கள் தேர்தல்தோறும் இடம் பெறுகின்றன. பெரிய இரு கட்சிகளும் கூட்டணியில் நிற்கையில், இச்சிறு கட்சியினர் தனித்து நின்று, கட்டிய பணத்தை இழந்து, அடுத்த தேர்தலில் மீண்டும் வந்து நிற்கின்றனர். இவர்கள் எங்கிருந்து வந்தனர்? தோல்வி உறுதியென அறிந்தும் நிற்பது ஏன்? இதனை ஆராயப் புகுந்த நாம், எதிர்பாராத ஓரிடத்தில் போய் நின்றோம். இந்நாட்டுப் பொதுவுடைமையாளர் ஒருவர் நாடாளுமன்றத் தேர்தல் ஒன்றில் நின்று பரிதாபமாகத் தோற்ற பழைய நிகழ்ச்சி ஒன்று, இந்தியாவில் அன்று, இங்கிலாந்தில் நடந்தது. நின்றவர் ஒரு முஸ்லிம். நின்ற போது அவர் மீரட் சிறையில் இருந்தார்.

அவர் பெயர் ஷௌக்கத் உஸ்மானி. இராஜபுதனத்துப் பிக்கானீரில் 1901-ஆம் ஆண்டு பிறந்தவர். 1920-ஆம் ஆண்டு கோடையில், கிலாபத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி கண்டு மனம் நொந்த வடநாட்டு முஸ்லிம்கள், ஆங்கிலேயரின் ஆட்சியில் வாழ்வது தகாதெனக் கருதி, ஹிஜ்ரத் பூண்டு ஆப்கானிஸ்தானம் நோக்கி நடந்த வரலாற்றை நம் வாசகர்கள் அறிவார்கள். நிலத்தையும் மாட்டையும் வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கைபர் கணவாய் கடந்தோர் பல்லாயிரவர். காபூல் அரசு அத்தனை பேரையும் தாங்க இயலாது கதவை அடைத்தது. திரும்பும் வழியில் பசியாலும் நோயாலும் மாண்டோர் எத்தனையோ பேர். உஸ்மானியும் அந்தக் கூட்டத்தில் சென்றவரே. ஆனால் அவர் திரும்பவில்லை. துருக்கிக்குப் போய்க் கலீபாவுக்காகப் போராடுவோம் என்று ஆமூ நதியைக் கடந்த இளைஞர் சிலருடன் அவரும் வடக்கே போனார். வழியில் துருக்மேனியக் கலகக்காரரிடம் சிக்கி, உயிர் தப்பி, செஞ்சேனையின் பக்கம் சேர்ந்து, தாஷ்கந்து சென்று, பின்னர் மாஸ்கோவில் கல்வி பயின்றார். தாஷ்கந்தில் 1920 அக்டோபரில் அமைக்கப்பட்ட முதல் இந்தியக் கம்யூனிஸ்ட் குழுவின் செயலாளர் முஹம்மத் ஷஃபீக் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது. மார்க்கத்தின் பெயரால் வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள், மார்க்கத்தை மறுக்கும் கொள்கையின் வாசலில் போய் நின்றார்கள். இம்மாற்றத்தை நாம் போற்ற வேண்டுவதில்லை. மூடி மறைக்கவும் வேண்டுவதில்லை. அதே துருக்கிஸ்தானத்தில் சில ஆண்டுகளுக்குள் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் மூடப்பட்ட கொடுமையையும் சேர்த்தே வரலாற்றைப் படிக்க வேண்டும். ஆயினும் அந்த இளைஞர்களை அங்கே இட்டுச் சென்றது ஆங்கிலேயர் மீது கொண்ட சினமே.

தாயகம் திரும்பிய உஸ்மானி 1923-இல் கைதானார். மறு ஆண்டு நடந்த கான்பூர் சதி வழக்கில் முஸஃப்பர் அஹ்மத், டாங்கே, நளினி குப்தா ஆகியோருடன் நான்காண்டுக் கடுங்காவல் பெற்றார். இவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் பட்டியலில் நம் சென்னையின் சிங்காரவேலரும் இருந்தார். நோயுற்றிருந்தமையால் அவர் மீது விசாரணை நடைபெறவில்லை. 1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் தினத்தை முதன்முதலாகக் கொண்டாடியவர் இவரே. 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குச் சிங்காரவேலர் தலைமை தாங்கினார். அம்மாநாட்டு வரவேற்புக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? உருது கஸல் உலகின் மாமன்னர்களுள் ஒருவரும், பன்முறை ஹஜ் செய்தவரும், 1921 அஹமதாபாத் காங்கிரஸில் முழு விடுதலை வேண்டுமெனத் தீர்மானம் கொண்டு வந்தவருமான மௌலானா ஹஸ்ரத் மொஹானி. ‘இன்குலாப் ஜிந்தாபாத்’ என்னும் முழக்கத்தை நாட்டுக்கு அளித்தவரும் அவரே என்பர். தொழுகையை விடாத மௌலானாவும், நாத்திகம் பேசிய சென்னை மீனவர் குலத்துப் பெரியாரும் ஒரே பந்தலில் அமர்ந்திருந்த காட்சியை எண்ணிப் பார்க்கையில், அந்நாளைய மனிதர்களின் மன விரிவு நமக்கு வியப்பையே தருகிறது.

1929 மார்ச் 20-ஆம் நாள் நாடெங்கும் தொழிற்சங்கத் தலைவர்கள் பிடிக்கப்பட்டு மீரட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். விடுதலையாகி வெளியே வந்திருந்த உஸ்மானி மீண்டும் உள்ளே சென்றார். அதே ஆண்டு மே 30-ஆம் நாள் பிரிட்டனில் பொதுத் தேர்தல். பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சி அந்நாட்டில் மிகச் சிறிய கட்சி. மொத்தம் 25 இடங்களில் ஆட்களை நிறுத்தியது. யார்க்ஷயரிலுள்ள ஸ்பென் வேலி என்னும் கம்பளி ஆலைத் தொகுதிக்கு அக்கட்சி அறிவித்த வேட்பாளர் ஷௌக்கத் உஸ்மானி! இந்தியாவில் வாழ்ந்து கொண்டே, அதுவும் சிறைக் கைதியாக, பிரிட்டிஷ் பொதுத் தேர்தலில் நின்றவர் அவர் ஒருவரே என்று கூறுவர். இந்தியரும் பிரிட்டிஷ் மன்னரின் குடிகளே என்ற ஏகாதிபத்தியச் சட்டத்தைக் கொண்டே ஏகாதிபத்தியத்தை மடக்கிய வேடிக்கை இது.

ஸ்பென் வேலியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருள் இருந்தது. அத்தொகுதியின் உறுப்பினர் சர் ஜான் சைமன். ஆம், ஓர் இந்தியரேனும் இல்லாத குழுவுடன் இந்தியாவின் தலைவிதியை எழுத வந்த அதே சைமன்தான். 1928 பிப்ரவரி 3-இல் அக்குழுவை எதிர்த்துச் சென்னையில் கடையடைப்பு நடந்த போது உயர்நீதிமன்றத்தருகே போலீசார் சுட்டதும், பிரகாசம் மார்பைத் திறந்து காட்டியதும் நாடறிந்தவை. முஸ்லிம் லீக்கே அக்குழுவை முன்னிட்டு இரண்டாகப் பிளந்தது: ஜின்னா சாஹிபின் பிரிவு புறக்கணித்தது, சர் முஹம்மத் ஷஃபியின் பிரிவு ஒத்துழைத்தது. இந்தியாவைக் கேளாமல் இந்தியாவை ஆள வந்தவரை, அவர் சொந்த ஊர் வாக்காளரிடமே ஓர் இந்தியக் கைதி கேள்வி கேட்கட்டும் என்பது கட்சியின் எண்ணம்.

வாக்குகள் எண்ணப்பட்டன. சைமனே வென்றார். தொழிற்கட்சி வேட்பாளர் அவருக்கு அருகில் வந்தார். உஸ்மானிக்குக் கிடைத்தவை 242 வாக்குகள். எட்டில் ஒரு பங்கு பெறாதவர் 150 பவுன் டெபாசிட்டை இழக்க வேண்டுமென்பது அந்நாட்டு விதி, அது போயிற்று. கட்சியின் 25 பேருமே தோற்றனர். பேட்டர்சி வடக்குத் தொகுதியில் முன்னர் வென்றிருந்த பம்பாய்ப் பார்சி சாபுர்ஜி சக்லத்வாலாவும் அவர்களுள் ஒருவர். 1931-இல் இலண்டனின் செயின்ட் பான்கிராஸ் தென்கிழக்குத் தொகுதியில் உஸ்மானியின் பெயர் மறுபடியும் நின்றது, மறுபடியும் தோற்றது.

இந்த 242 பேரைப் பற்றியே நாம் நெடுநேரம் எண்ணியதுண்டு. அவர்களுள் ஒருவரேனும் உஸ்மானியைப் பார்த்திருக்க முடியாது. அவர் பேச்சைக் கேட்டிருக்க முடியாது. தமது நூல் ஆலைக்குப் பஞ்சமோ பெருக்கமோ வந்தால் அதனை இந்தியச் சந்தையோடு பொருத்திப் பேசும் நாளேடுகளையே அவர்கள் படித்திருப்பார்கள். அவ்வாறிருந்தும், வாயிற்படியில் வந்து கை குலுக்காத, பெயரையே சரியாக உச்சரிக்க வாராத ஓர் அயல்நாட்டு முஸ்லிமின் பெயருக்கு நேரே குறியிட்டார்கள். பின்னாளில் அந்தப் பள்ளத்தாக்கை அடுத்த பேட்லி, டியூஸ்பரி ஆலை நகரங்களில் குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் குடியேறினர். அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல்கள் இன்று அங்கே உள்ளன. 1929-இல் அங்கு ஒரு முஸ்லிம் பெயர் வாக்குச்சீட்டில் அச்சேறியது.

மீரட் வழக்கு நாலாண்டு இழுத்தது. 1933 ஜனவரியில் உஸ்மானிக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டை விசாரித்தவர் அலஹாபாத் தலைமை நீதிபதி சர் ஷா முஹம்மத் சுலைமான். அவரும் நீதிபதி யங்கும் தண்டனைகளை வெகுவாகக் குறைத்தனர். உஸ்மானியின் பத்தாண்டு மூன்றாண்டாயிற்று. அவர் 1978-இல் காலமானார்.

மீரட் வழக்கில் தேடப்பட்ட மற்றொருவர் நம் ஊருக்கே வந்து சேர்ந்தார். இராவல்பிண்டி மாவட்டத்துக் கப்பல் தொழிலாளியான அமீர் ஹைதர் கான், போலீசாரின் கண்ணில் படாமல் 1931-இல் சென்னை வந்து, ‘சங்கர்’ என்னும் பெயர் பூண்டு, இளந் தொழிலாளர் கழகத்தை அமைத்தார். பிற்காலத்தில் ஆந்திரத்தின் பெருந்தலைவராய் விளங்கிய சுந்தரய்யாவைக் கட்சிக்கு ஈர்த்தவர் அவரே. 1932-இல் பிடிபட்டார். தென்னாட்டில் பொதுவுடைமைக் கட்சிக்கு வித்திட்டோரின் வரிசையில் ஒரு பஞ்சாபி முஸ்லிம் மாலுமி நிற்கிறார் என்பதை, இன்று அக்கட்சியினரிலேயே பலர் நினைப்பதில்லை. மீரட் கைதிகளுள் ஒருவரான ஆங்கிலேயர் பிலிப் ஸ்பிராட்டோ, சிங்காரவேலரின் உறவுப் பெண்ணை மணந்து, கொள்கை மாறி, இராஜாஜியின் ‘சுயராஜ்யா’ ஏட்டில் பணியாற்றிச் சென்னையிலேயே 1971-இல் மறைந்தார்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் சென்னை மாநிலத்தில் 1952 ஜனவரியில் நடந்த போது, கம்யூனிஸ்டுகள் அப்போதுதான் தடையின் நிழலிலிருந்து வெளிவந்திருந்தனர். 1950 பிப்ரவரி 11-இல் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அக்கட்சிக் கைதிகள் 22 பேர் மாண்ட துயரம் ஆறாத நேரம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி; பெட்டியின் மேல் அவருடைய சின்னம்; வாக்காளர் சீட்டைத் தாம் விரும்பும் பெட்டியில் போட வேண்டியதே. எழுத்தறியாதவரும் கதிர் அரிவாளைக் கண்டு கொள்வர். நாடாளுமன்ற வேட்பாளர் கட்ட வேண்டிய தொகை 500 ரூபாய். அன்றைக்கு அது ஓர் ஆலைத் தொழிலாளியின் பல மாத ஊதியம். முடிவு வந்த போது மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152-ம் கம்யூனிஸ்டுகளுக்கு 62-ம் கிடைத்தன. மக்களவையிலோ 16 இடங்களுடன் அவர்களே எதிர்க்கட்சிகளுள் முதலாவதாய் நின்றனர். மாயவரத்தில் ஆனந்த நம்பியார் வென்றார். இவ்வட்டாரத்துத் திருவள்ளூர்த் தொகுதியில் காங்கிரஸின் மரகதம் சந்திரசேகர் வென்றார். இவர் பெயர் பின்னரும் வரும். ஆட்சி அமைத்த இராஜாஜி, கம்யூனிஸ்டுகளே தமது முதல் எதிரி என்று சட்டமன்றத்தில் முழங்கினார். அவருக்கு அன்று ஆதரவளித்தோரில் நம் முஸ்லிம் லீக் உறுப்பினர்களும் இருந்தனர்.

நெமிலிச்சேரிக்கு மிக அருகில் நடந்த பெருநிகழ்ச்சி 1955 ஜனவரி ஆவடி காங்கிரஸ். தேபர் தலைமையில், நேருவின் முன்னிலையில், சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என அங்குத் தீர்மானமாயிற்று. ஆவடியில் சோஷலிசத்தைப் பேசி விட்டால் ஆந்திரத்தில் கம்யூனிஸ்டுகளுக்குப் பேச என்ன மிஞ்சும்? அடுத்த மாதமே ஆந்திரத்தில் இடைக்காலத் தேர்தல். கம்யூனிஸ்டுகள் பெற்ற வாக்கு ஏறத்தாழ 31 விழுக்காடு. பெற்ற இடங்கள் 196-இல் 15. தேர்தல் கணக்கு என்பது வாக்குக் கணக்கன்று என்பதை அக்கட்சி அன்று கற்றது. தனித்து நின்றால் அழிவு. கூட்டுச் சேர்ந்தால் வாழ்வு. இப்பாடமே பின்னர் அதனைத் துண்டு துண்டாக்கவும் காரணமாயிற்று என்பது நம் கருத்து.

1964-இல் கட்சி பிளந்தது. 1967-இல் தி.மு.க. அணியில் சுதந்திராக் கட்சியும், காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீகும், மார்க்சிஸ்டுகளும் ஒன்றாய் நின்றனர். மார்க்சிஸ்டுகளுக்குத் தமிழகத்தில் நான்கு மக்களவை இடங்கள் கிட்டின. அணிக்கு வெளியே நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஒன்றுமில்லை. 1971-இல் சக்கரம் சுழன்றது: அணிக்குள் வந்த அக்கட்சிக்கு நான்கு, வெளியே போன மார்க்சிஸ்டுகளுக்குச் சுழி. கேரளத்தில் 1959-இல் நம்பூதிரிபாடின் ஆட்சியைக் கவிழ்க்கும் போராட்டத்தில் கலந்து கொண்ட முஸ்லிம் லீக், 1967-இல் அவருடைய அமைச்சரவையிலேயே அமர்ந்தது. சி.எச். முஹம்மத் கோயா கல்வி அமைச்சரானார். 1969-இல் மலப்புரம் மாவட்டம் பிறந்தது. ஒரு கட்சியைப் ‘பெரியது’ என்பதும் ‘சிறியது’ என்பதும் பெரும்பாலும் அது யாருடன் நின்றது என்பதைப் பொறுத்ததே.

கூட்டுச் சேர்வதில் கருத்து வேறுபட்டோர் தனிக் கட்சி கண்டனர். தஞ்சை உழவர் இயக்கத்தின் பழம்பெருந் தலைவர் மணலி கந்தசாமி, தி.மு.க.வுடனான உறவை முறிக்க மனமின்றி, 1973-இல் தமிழ்நாடு கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தார். மறுபுறம், காங்கிரஸுடன் உறவே வேண்டுமென்ற டாங்கே — கான்பூரிலும் மீரட்டிலும் உஸ்மானியுடன் கூண்டில் நின்ற அதே டாங்கே — 1981-இல் தம் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் வழியினர் அமைத்த கட்சியும், மோகித் சென் முதலானோர் அமைத்த கட்சியும் 1989-இல் இணைந்து இந்திய ஐக்கிய கம்யூனிஸ்ட் கட்சி ஆயின. தமிழகத்தில் அதன் முகமாய் விளங்கியவர் தா. பாண்டியன். உசிலம்பட்டி வட்டாரத்தில் 1932-இல் பிறந்தவர்; மேடையில் அவருக்கு நிகரானோர் சிலரே. 1989-இல் வடசென்னைத் தொகுதியில் காங்கிரஸின் கைச் சின்னத்தில் நின்று வென்றார். சிறு கட்சிக்காரர் பெரிய கட்சியின் சின்னத்தை இரவல் வாங்கினால் மட்டுமே நாடாளுமன்றம் செல்ல இயலும் என்பதற்கு இது சான்று. அவர் பேசியதோ தம் கொள்கையையே. ஆனால் ஏட்டில் ஏறியது காங்கிரஸ் உறுப்பினர் என்று.

1991 மே 21-ஆம் நாள் இரவு, ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதி வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்காக ராஜீவ் காந்தி வந்த கூட்டத்தில் பாண்டியனும் இருந்தார். குண்டு வெடித்தது. ராஜீவும் பலரும் மாண்டனர். பாண்டியன் படுகாயத்துடன் உயிர் பிழைத்தார். மறுநாள் மே 22-இல் பம்பாயில் டாங்கே காலமானார். அந்தத் துயர வெள்ளத்தில் அச்செய்தி உள்பக்கத்துக்குப் போயிற்று. ஜூனில் நடந்த வாக்குப்பதிவில் பாண்டியன் வடசென்னையில் மறுபடியும் வென்றார். பின்னர் அவர் பழைய தாய்க் கட்சிக்கே திரும்பி, 2005 முதல் 2015 வரை அதன் மாநிலச் செயலாளராய் இருந்து, 2021 பிப்ரவரியில் மறைந்தார். அவர் விட்டு வந்த சிறு கட்சிக்கு அத்தகைய வெற்றி அதன் பின் வாய்க்கவில்லை.

தேர்தலையே புறக்கணிப்போம் என்று 1969-இல் புறப்பட்ட மார்க்சிஸ்ட்–லெனினிஸ்ட் கட்சியிலிருந்து கிளைத்த லிபரேஷன் பிரிவினர், பின்னர் மனம் மாறித் தேர்தலுக்கு வந்தனர். மூன்று நட்சத்திரக் கொடியைச் சின்னமாகக் கொண்ட அவர்கள், 2024-இல் பீகாரின் ஆரா, காராகாட் ஆகிய இரு தொகுதிகளில் வென்று மக்களவை புகுந்தனர். தமிழகத்தில் அவர்கள் தொழிற்சங்கத்தோடு நிற்கின்றனர்.

டெபாசிட்டுக்கு வருவோம். 1951-இல் 500 ரூபாயாக இருந்த தொகை 1996-இல் 10,000 ஆகி, 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 25,000 ஆயிற்று. தாழ்த்தப்பட்ட வேட்பாளருக்கு அதிற் பாதி. ஆதலின் திருவள்ளூரில் நிற்போர் அனைவரும் கட்டுவது 12,500. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு பெறாவிடில் பணம் அரசுக்குப் போய்விடும். விளையாட்டு வேட்பாளரைத் தடுக்கவே இவ்வேற்பாடு என்பர். ஆனால் விளையாட்டாக நிற்கும் செல்வருக்கு இத்தொகை ஒரு பொருட்டன்று. கொள்கைக்காக உண்டியல் குலுக்கிப் பணம் சேர்ப்பவருக்கே இது சுமை. சட்டம் இயற்றியோர் இவ்வேறுபாட்டைக் கருதினார்களா என்பது நமக்கு ஐயமே.

இதனினும் கடுமையான இடர் ஒன்றுண்டு. அது வேட்பாளருக்கன்று, அவருக்கு வாக்களிப்போருக்கு. காகிதச் சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணும் முறையும் இருந்தது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று அப்போது கண்டறிய முடியாது. இயந்திரம் வந்த பின் ஒவ்வொரு சாவடியின் கணக்கும் தனித்தனியே வெளியாகிறது. படிவம் 20 என்னும் பட்டியலில் எவரும் காணலாம். பல சாவடிகளின் கணக்கை ஒன்றுசேர்த்துக் காட்டும் கருவி ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2008-இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-இல் அதனை ஆதரித்தது. ஒன்றிய அரசு இசையவில்லை. பெரிய கட்சிக்குப் போட்டவர் நானூறு பேரில் ஒருவராய் மறைந்து கொள்வார். ஆனால் ஆயிரம் பேர் வாக்களிக்கும் புறநகர்ச் சாவடி ஒன்றில், ஒரு சிறு பொதுவுடைமைக் கட்சிக்கு இரண்டே வாக்குகள் விழுந்திருந்தால், அவ்விருவர் யார் என்று தேநீர்க் கடையில் பேச்சு எழும். தொழிற்சாலையில் சங்கம் வைக்க முயன்றவர் பெயர் முதலில் அடிபடும். ஸ்பென் வேலியின் 242 பேருக்கு இந்த அச்சம் இருந்ததில்லை; அவர்களுடைய சீட்டுகள் தொகுதி முழுவதன் சீட்டுகளோடு கலந்தே எண்ணப்பட்டன.